‘இலவச ஊசி’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு 62 வயது. கைத்தறியில் லுங்கி நெய்பவர். 16 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆறு மாதமாக, அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். வேலூரில் ஒரு கண் மருத்துவமனையில், விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தபோதுதான், சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. வலது கண் பார்வை 6/24, இடது கண் 6/36 (இயல்பான பார்வை 6/6; கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு). மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். பணம் புரட்டுவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. மறுபடி போனபோது, “புதிய மருந்து ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, அப்பா தகுதியானவராக இருந்தால் அதில் சேரலாம், ஊசிக்குப் பணம் கிடையாது” என்று சொல்லி, பல பக்கங்கள் கொண்ட தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

சித்தப்பா, “நம்மூர்க்காரங்கள எலி மாதிரி வச்சிப் பார்ப்பாங்க, வேணாம்” என்கிறாராம். அக்கா வீட்டுக்காரர், “புது மருந்துன்னா பழசைவிட நல்லாத்தானே இருக்கும், விடாதீங்க” என்கிறாராம். பாதிப் பேருக்குத் தண்ணி ஊசிதான் போடுவார்கள் என்று யாரோ சொன்னதில் தூக்கம் போய்விட்டது என்று எழுதுகிறார். கடைசிப் பக்கத்தில்: “ஆராய்ச்சின்னு சொன்னா அப்பா பயந்துடுவார். அதனால ‘கவர்ன்மென்ட்ல இலவச ஊசி போடுறாங்க’ன்னு மட்டும் சொல்லியிருக்கேன். படிவத்துல நானே கையெழுத்துப் போட்டா செல்லுமா டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கெல்லாம் பதில் அதற்குப் பிறகுதான் வரும்.

நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. பேசுகிறார், கணக்குப் பார்க்கிறார், தறியில் உட்காருகிறார். அப்படிப்பட்ட ஒருவருக்காகப் பெற்ற மகளாகவே இருந்தாலும் நீங்கள் சம்மதம் கொடுக்க முடியாது. நம் நாட்டில் மருந்து ஆராய்ச்சிகளை நடத்துவது 2019-இல் வந்த ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்’படிதான். சுயநினைவில்லாதவர், சிறு பிள்ளைகள் போன்றோருக்கு மட்டுமே இன்னொருவர் சம்மதிக்க அதில் இடம் உண்டு. அப்பாவால் இப்போது அந்தப் படிவத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். படிக்க இயலாதவருக்கு, ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி விளக்க வேண்டும். அப்பா கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்தாக இருந்து, சேருபவர் ஏழ்மையாலோ வேறு காரணத்தாலோ எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர் என்றால், விளக்குவதையும் அவர் புரிந்துகொண்டதையும் ஒலி ஒளிப் பதிவு செய்து வைப்பதும் கட்டாயம்.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஓர் இடத்தில், வராண்டாவில் நின்றபடியே நோயாளிகளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு” என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். உடன் வந்த பிள்ளைகள், “போடுப்பா, லேட்டாகுது” என்பார்கள். ஒரு முறை ஒரு பெரியவர் மூன்றாவது மாதம் என்னிடம், “என் கண்ணுல என்னமா பண்றீங்க?” என்று கேட்டார். அவருக்கு மருத்துவத்தில் குறையேதும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் கூனிக் குறுகிப் போனேன். உங்கள் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு வரக்கூடாது. நீங்கள் பொய் சொன்னது அன்பினால்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அது அவருடைய கண்.

அப்பாவின் கண்ணில் நடப்பது என்ன

அவரிடம் பேசுவதற்கு முன் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கண்ணின் உட்சுவரில் மெல்லிய துணியைப் போல ஒட்டியிருப்பது விழித்திரை. அதற்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தநாளப் படுகை இருக்கிறது. விழித்திரையின் நட்டநடுவில் மேக்குலா என்று ஒரு சிறிய இடம். இழை எது, முடிச்சு எது, பேருந்தின் எண் எது என்று காட்டுவது அந்த இடம்தான். பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண்ணிய நாளங்கள் கெடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அந்தப் புரதம் நாளங்களை ஒழுக வைக்கிறது. ஒழுகிய நீர் மேக்குலாவில் தேங்கும்போது இழை மங்குகிறது.

இப்போது பெரும்பாலும் போடும் ஊசிகள் அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுபவை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கிருமிநாசினியால் கழுவி, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக 0.05 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துவோம். ஒரு சொட்டு அளவுதான். நீங்கள் பயப்படுவதுபோல ஊசி போட்டாலே கண் போய்விடும் என்பதில்லை. உள்ளே கிருமித் தொற்று வருவது, ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில் நேரும் அபாயம். ஆனால் வந்தால் கடுமையானது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை திடீரென்று இறங்கினாலோ, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆராய்ச்சி ஊசிக்கும் சாதாரண ஊசிக்கும் இந்த எச்சரிக்கை பொது.

தண்ணி ஊசி பற்றி

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. பொறுமையாகச் சொல்கிறேன்.

விழித்திரை ஆய்வுகளில் ‘போலி ஊசி’ என்று ஒரு முறை உண்டு. அதில் கண்ணுக்குள் தண்ணீர்கூடப் போகாது. ஊசி மாட்டாத சிரிஞ்சின் முனையைக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் லேசாக அழுத்துவார்கள். மரத்துப்போன கண்ணுக்கு அழுத்தம் மட்டும் தெரியும். யாருக்கு எது போட்டார்கள் என்பது நோயாளிக்குத் தெரிந்தால், எழுத்தைப் படிக்கும்போது அந்த எண்ணமே முடிவை மாற்றிவிடும். அதனால் இந்த ஏற்பாடு.

ஒரு காலத்தில் மேக்குலா வீக்கத்துக்கே போலி ஊசிக் குழு வைத்தார்கள். விஇஜிஎஃப் புரதத்தைக் கட்டிப்போடும் ரானிபிசுமாப் என்ற மருந்துக்காக நடந்த ரைஸ், ரைடு என்ற இரட்டை ஆய்வுகள் அப்படிப்பட்டவை. முடிவுகள் 2012-இல் வந்தன. இரண்டு வருடம் போலி ஊசி பெற்றவர்களுக்கு அதன்பின் உண்மையான மருந்தைக் கொடுத்தார்கள். ஆனால் முதலிலிருந்தே மருந்து பெற்றவர்கள் அளவுக்கு அவர்கள் பார்வை மீளவில்லை. பல நாள் நீரில் ஊறிய மேக்குலா, நீர் வற்றினாலும் பழைய மேக்குலாவாக ஆவதில்லை. உங்களை நான் அவசரப்படுத்துவதற்குக் காரணமும் இந்த உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பலன் தரும் மருந்துகள் இருக்கிறபோது, 6/24 பார்வையோடு வருபவரை மருந்தே இல்லாத குழுவில் வைப்பதை ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எந்த நேர்மையான நெறிமுறைக் குழுவும் ஏற்காது. இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் புதிய மருந்தை, நன்கு தெரிந்த பழைய மருந்தோடு ஒப்பிடுகின்றன. அவற்றிலும் போலி ஊசி இருக்கலாம். ஒரு மருந்து மாதாமாதம், இன்னொன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்றால், இடைப்பட்ட மாதங்களில் இரண்டாம் குழுவினருக்கு வித்தியாசம் தெரியாமலிருக்கப் போலி ஊசி போடுவார்கள். இதில் தவறில்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “புது மருந்து கிடைக்காத குழுவில் அப்பா விழுந்தால், அவருக்கு எந்த மருந்து போடுவீர்கள்?” பதிலில் ஒரு மருந்தின் பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் குழு என்பதை டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நீங்களும் முடியாது. கணினி குலுக்கலில் வரும். இதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

புதியது என்றால் சிறந்ததா

அக்கா வீட்டுக்காரரின் எண்ணம் பலருக்கும் உண்டு, டாக்டர்களுக்கும் உண்டு. புதியது சிறந்தது என்று முன்பே தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். கோராய்டு நாளங்களிலிருந்து கசியும் நீர் விழித்திரைக்கு அடியில் தேங்கும் நோய் ஒன்று இருக்கிறது. நடுவயது ஆண்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் அதிகம் பார்க்கிறோம். அதற்கு எப்ளெரனோன் என்ற மாத்திரையை உலகம் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தோம். நானும் எழுதினேன். குணமானவர்களைப் பார்த்தபோது மாத்திரைதான் காரணம் என்று உண்மையாகவே நம்பினேன். பிரிட்டனில் 114 பேரை வைத்து அதை முறையாகச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு: மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட எப்ளெரனோனால் கூடுதல் பயன் இல்லை. அதுவரை அதை வாங்கிச் சாப்பிட்டவர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெவாசிசுமாப் என்பது குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. அதைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போட்டால் செலவு மிகவும் குறையும். விலை உயர்ந்த மருந்துக்கு அது ஈடாகுமா என்று அமெரிக்க அரசின் பணத்தில் ஆய்வுகள் நடந்தன. உங்கள் அப்பாவுக்கு இருக்கும் இதே நோயில் 660 பேரிடம் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் என்ற மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களிடம் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பார்வை 6/15 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களிடம், முதல் வருடத்தில் அஃப்ளிபர்செப்ட் கூடுதல் பலன் தந்தது. இரண்டாம் வருடத்தில் அந்த இடைவெளி குறைந்தது. அப்பா இரண்டாம் வகையில் வருகிறார். ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் இந்த விவரம் உங்களுக்கு உதவும். எந்த ஊசி என்று பேசும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

சித்தப்பாவின் பயம்

அதை நான் தள்ளிவிட மாட்டேன். சரியாக விளக்காமல் ஏழைகளை ஆராய்ச்சியில் சேர்த்த புகார்கள் இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2013-க்குப் பிறகு விதிகள் இறுகியதற்கு அந்த வழக்குகளும் ஒரு காரணம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நம்மூர் விஷயத்தில் இன்னொன்றையும் அவர் அறிய வேண்டும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டாவைரஸ் தடுப்பூசியை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 2016-லிருந்து அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து குடித்தார்களா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். நம்மூர்த் தாய்மார்கள் சம்மதித்ததும் அந்த மருந்து வந்ததற்கு ஒரு காரணம்.

கண்ணிலும் அப்படித்தான். 1972-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில், 1,700-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் ஒரு கண்ணுக்கு லேசர் செய்துகொண்டு மறு கண்ணை அப்படியே விட ஒப்புக்கொண்டார்கள். லேசர் செய்த கண்ணில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைவது 1976-இல் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. விதியையே மாற்றி மறு கண்ணுக்கும் லேசர் செய்ய அனுமதித்தார்கள். நல்ல ஆராய்ச்சிக்கு அடையாளம் அது. நடுவிலேயே கண்காணித்து, தேவையானால் நிறுத்த ஒரு குழு இருக்கும். உங்களுக்குக் கொடுத்த படிவத்திலும் அப்படி ஒரு குழுவைப் பற்றி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசியர்களின் கண்ணுக்கென்று தனிக் குணங்களும் உண்டு. கோராய்டு நாளங்களில் கொப்புளம் போலப் புடைப்புகள் வரும் ஒரு நோய், வெள்ளையர்களைவிட நம்மிடையே அதிகம். ஆசிய நாடுகளில் 322 பேரிடம் சோதித்த பிறகுதான், அதற்கு ரானிபிசுமாப் ஊசி மட்டும் போடுவதைவிட ஊசியோடு ஒளிச்சிகிச்சையும் சேர்ப்பது நல்லது என்று உறுதியாயிற்று. வெளிநாட்டார் கண்ணைப் பார்த்தே நம் கண்ணுக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இதற்காக அப்பா சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கடன் அவருக்கு இல்லை.

போய்க் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்தக் கண். பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு கண்தான் ஆய்வுக் கண். அப்பாவுக்கு இரண்டிலும் நீர். மற்ற கண்ணுக்கு என்ன ஊசி, எப்போது, பணம் யார் கட்டுவது? ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பிப் போய், இரண்டாவது கண்ணுக்குப் பணமில்லாமல் விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பதிவு எண். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். அந்த இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், எத்தனையாவது கட்டம், எந்த மருந்தோடு எந்த மருந்தை ஒப்பிடுகிறார்கள் என்றெல்லாம் வரும். உங்கள் போனிலேயே பார்க்கலாம். எண் தரத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாகவும், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருப்பதை அவர்களிடம் கேட்கலாம்.

பாதிப்பு வந்தால்? ஆய்வில் இருக்கும்போது உடல்நலக் கேடு ஏற்பட்டால் தேவைப்படும்வரை, அல்லது அது ஆய்வால் வந்ததல்ல என்று தெரியும்வரை, இலவசச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் வந்தது என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும். இது சட்டம் தரும் உரிமை. கண்ணுக்கு வருவது மட்டுமல்ல, நெஞ்சுவலி, பக்கவாதம் எதுவானாலும் அன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் மறைக்காதீர்கள். சேர்த்துக்கொள்ள மாட்டார்களே என்று மறைப்பவர்கள் உண்டு. அது அவர் உயிரோடு விளையாடுவது.

பிறகு, உங்கள் கணக்கு. எத்தனை முறை வர வேண்டும், குடியாத்தத்திலிருந்து போக்குவரத்துச் செலவு தருவார்களா, ஒவ்வொரு முறையும் உங்கள் ஒருநாள் கூலி போகுமே, யார் அழைத்து வருவது? ஆராய்ச்சியில் தேதி கறாராக இருக்கும். நமக்குத் தோதான நாளுக்கு மாற்ற முடியாது. சில நாட்களில் கையில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். அன்றும் மறுநாளும் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.

ஆய்வு முடிந்த பின் ஊசி தேவைப்பட்டால் யார் தருவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சேராவிட்டால், அல்லது நடுவில் விலகினால்

‘வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். மறுப்பவருக்கு வழக்கமான சிகிச்சை கொஞ்சமும் குறையக்கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு நகலைக் கட்டாயம் உங்களுக்குத் தர வேண்டும். அதைப் பத்திரமாக வையுங்கள்.

சேராவிட்டால் பணம்தான் சிக்கல், தெரியும். பெவாசிசுமாப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் விசாரியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலும் கேளுங்கள். இரண்டு இடத்தில் அலைய வேண்டியிருக்கும். ஆனால் ஏற்கெனவே ஆறு வாரம் போய்விட்டது. முன்பு சொன்ன தாமதக் கணக்கு உங்கள் அப்பாவுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சேருவதா வேண்டாமா என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். முடிவு எதுவானாலும் அடுத்த வாரத்துக்குள் முதல் ஊசி விழுந்தாக வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த ஊசி போட்டாலும் நோய் மேலும் முற்றலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். “நான் இலவச ஊசின்னு சொன்னது முழுசா உண்மை இல்லப்பா” என்று தொடங்குங்கள். கோபம் வரும், வரட்டும். பிறகு படிவத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுங்கள். சித்தப்பாவும் கூட இருக்கட்டும். அவர் கேட்கும் கேள்விகளைப் படிவத்தின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை டாக்டர் முன்னால் வைத்து, அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். “எனக்கு வேணாம்மா” என்றால் சாதாரண ஊசிக்கு அன்றே தேதி வாங்குங்கள். “சரி, சேர்றேன்” என்றால், பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.